தேவிகுளம் குளிரும் போடி வெயிலும்: ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுத்த பதிவு

குளிர்காலத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த டயர் போடுவது என்ற கேள்விக்கு ஐரோப்பாவில் சுருக்கமான விடை ஒன்று உண்டு. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கோடை டயரைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிர்கால டயரை மாட்டிவிட வேண்டும். மாதக்கணக்கில் குளிர் நிலைத்து நிற்கிற ஊர்களுக்கு இது பொருந்தும். தேவிகுளத்தில் வீடும் போடிநாயக்கனூரில் வியாபாரமும் வைத்திருப்பவருக்குப் பொருந்தாது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 5 டிகிரியில் அங்கே கிளம்புகிற வண்டி, சுமார் 60 கிலோமீட்டர் இறங்கிக் காலை உணவு நேரத்துக்குள் போடிக்கு வந்துவிடுகிறது. மதியம் அதே டயர் 32 டிகிரி வெயிலில், அதைவிடச் சூடேறிய தார்ச்சாலையில் நிற்கிறது. ஒரே நாளில் இந்த இரண்டு முனைகளையும் தொடுகிற டயர் எது என்பதுதான் எங்கள் முன் இருந்த கேள்வி. அதற்கு விடை தேடி, டயரை மாட்டி, பிறகு அளந்து பார்த்த வேலையை இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டி பிஎம்டபிள்யூ இசட்4, இ89 தலைமுறையைச் சேர்ந்த எஸ்டிரைவ்35ஐ. மூன்று லிட்டர் டர்போ எஞ்சின், 306 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இவ்வளவும் பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே போகிறது. டயர் அளவு முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18 (மில்லிமீட்டரில் அகலம், அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம், அங்குலத்தில் ரிம் விட்டம்). உரிமையாளர் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். ஏலக்காய் வியாபாரத்துக்காக அடிக்கடி போடிக்கு இறங்குவார். நான் போடியில் வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்துகிறேன். அவர் சொன்ன குறை இதுதான்: “தம்பி, விடியக்காலம் பூப்பாறை தாண்டி மேட்டுல ஏறுறப்ப, வளைவுல ரெண்டாவது கியர்ல லேசா மிதிச்சாலே பின்னாடி வழுக்குது, மஞ்ச லைட்டு மின்னுது. சாயங்காலம் போடிமெட்டு ஏத்தத்துல அதைவிட நல்லா மிதிக்கிறேன், ஒண்ணும் ஆகல.”

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறுகிற பாதையில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பூப்பாறை மேட்டைவிட அவை கடுமையானவை. அங்கே பிடிக்கிற டயர் இங்கே வழுக்குகிறதென்றால், பழுதை சஸ்பென்ஷனிலோ டிஃபரன்ஷியலிலோ தேடத் தேவையில்லை; ரப்பரின் வெப்பநிலையைப் பார்த்தால் போதும்.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தேன். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃப்ளாட் வகை டயர்கள். பக்கச்சுவரில் இருக்கும் தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு என்று சொல்லிவிடும். அதன்படி பின் டயர்களுக்கு எட்டு வயது கடந்திருந்தது. தரையைத் தொடும் பகுதியான ட்ரெட்டில் பள்ளங்களின் ஆழம் வெளிப்பக்கம் 4 மில்லிமீட்டர், உள்பக்கம் 2.5. சட்டப்படியான குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர் என்பதால், கண்ணால் மட்டும் பார்ப்பவர் இன்னும் ஓடும் என்றுதான் சொல்வார். ஆனால் ட்ரெட் கட்டைகளின் ஓரங்களை நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்கவில்லை. பள்ளங்களின் அடியில் முடிபோன்ற மெல்லிய விரிசல்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ மீட்டரை வைத்தபோது, பட்டறையில் 31 டிகிரியில் 77 காட்டியது. புதிய கோடை ஸ்போர்ட்ஸ் டயர் சாதாரண வெப்பநிலையில் 65-ஐ ஒட்டிக் காட்டும். அன்று மாலை வண்டியோடு தேவிகுளம் போய்த் தங்கி, விடிவதற்கு முன் 6 டிகிரியில் அதே இடத்தில் மீட்டரை வைத்தேன். 84.

தரையைப் பிடிக்கும் வேலையை ரப்பர் எப்படிச் செய்கிறது என்பதைச் சொன்னால்தான் இந்த எண்ணின் பொருள் விளங்கும். தார்ச்சாலையின் பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது; மென்மையான ரப்பர் அந்த மேடுகளைச் சுற்றி அமுங்கி, மீண்டும் விரியும்போது ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. அதோடு, தொடுகிற பரப்பில் மூலக்கூறு அளவிலான ஒட்டுதலும் உண்டு. குளிரக் குளிர ரப்பர் தன் கண்ணாடி நிலையை நோக்கி நகர்கிறது. நெய் உறைவதைப் போல ஒரு கட்டத்தில் சட்டென்று உறைந்துவிடுவதில்லை. டிகிரிக்கு டிகிரி விறைத்துக்கொண்டே போகிறது. 7 டிகிரி என்ற கணக்கு அந்தச் சரிவில் எச்சரிக்கைக்காக வைத்த ஒரு கோடு மட்டுமே, 8 டிகிரியில் பத்திரம் என்று அதற்குப் பொருளில்லை. வயதும் இதே திசையில்தான் தள்ளுகிறது. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து ரப்பருக்குள் புதிய இணைப்புகளை உண்டாக்கி அதை இறுக்கிவிடுகின்றன. ஆண்டு முழுவதும் போடி வெயிலில் நின்ற டயர் இந்த வழியில் வேகமாக முதிர்கிறது. ஆகவே உரிமையாளர் அண்ணன் அனுபவித்த வழுக்கலில் குளிரின் பங்கு பாதி, வயதின் பங்கு பாதி என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது தேர்வு. அண்ணனின் மகன் வெளிநாட்டில் படிப்பவர். குளிர்கால டயரையே வரவழைத்துவிடலாம் என்றார். அதை நான் மறுத்ததற்குக் காரணம் உண்டு. குளிர்கால டயரின் ரப்பர் கோடை டயரைவிட மிகவும் மென்மையானது. கட்டைகளில் சைப் எனப்படும் மெல்லிய வெட்டுகள் நிறைந்திருக்கும். அவை பனியைக் கவ்வுவதற்காக உள்ளவை. இந்த வகையில் பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1930-களிலிருந்தும் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக் என்ற பெயரில் 1988 முதலும் பெரும் வேலை செய்திருக்கின்றன. அந்த டயரை 32 டிகிரியில், இந்த வண்டியின் முறுக்குவிசையோடு கொண்டையூசி வளைவில் திருப்பினால், கட்டைகள் தரையில் நிற்காமல் நெளியும். பிரேக் தூரம் நீளும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓரங்கள் தேய்ந்துவிடும். மூணாறு வட்டாரத்தில் செண்டுவாரை, லட்சுமி, சைலன்ட்வேலி எஸ்டேட்டுகளில் சில தை மாதங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே போய்ப் புல் வெளுத்துக் கிடப்பது உண்மைதான். ஆனால் அது உறைபனி. சாலையில் அடி கனத்துக்குப் பெய்து கிடக்கிற பனி அல்ல. ஆண்டில் சில விடியற்காலைகளுக்காக மற்ற எல்லா மணி நேரங்களையும் விட்டுக்கொடுக்க முடியாது.

எல்லாப் பருவ டயர்களையும் பரிசீலித்தேன். இங்கே இரண்டு குறிகளைப் பிரித்தறிய வேண்டும். பக்கச்சுவரில் எம்+எஸ் (சேறு, பனி) என்று இருப்பது பெரும்பாலும் ட்ரெட்டின் வடிவத்தைப் பற்றிய அறிவிப்பு. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி இருந்தால் மட்டுமே அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியது என்று பொருள். ஜெர்மனியில் குளிர்காலச் சாலை நிலைமைகளுக்கு இந்த இரண்டாவது குறியைத்தான் சட்டம் இப்போது கேட்கிறது. மிஷ்லின் 2015-இல் கொண்டுவந்த கிராஸ்கிளைமேட் போன்றவை இந்தக் குறியோடு வருகின்றன. இமாச்சலத்திலோ காஷ்மீரிலோ ஓட்டுபவருக்கு நான் தயங்காமல் அவற்றைச் சொல்வேன். ஆனால் நம் ஊரில் 18 அங்குலத்தில், 255 அகலத்தில் அப்படியொரு டயர் கடையில் கிடைக்காது. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, யாரும் கேட்காத அளவுகளை வரவழைப்பது இன்னும் கடினமாகிவிட்டது. ஒரு டயர் வெட்டுப்பட்டால் அதற்கு இணை கிடைக்காமல் வண்டி ஷெட்டில் நிற்கும்.

மறுமுனையில் பந்தயத் தளத்துக்கான டயர்கள் உள்ளன. தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ட்ரெட்வேர் எண் 200-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பவை. காய்ந்த சாலையில், சூடேறிய பிறகு, இவற்றுக்கு நிகர் இல்லை. சூடேறும்வரை இவை பிடிப்பதில்லை என்பதோடு, பள்ளங்கள் குறைவாக இருப்பதால் தேங்கிய நீரின் மேல் மிதக்கவும் செய்யும். கடுங்குளிரில், −7 டிகிரியை ஒட்டி, இத்தகைய ரப்பரில் விரிசல் விழக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எழுத்தில் எச்சரிக்கிறார்கள். அந்த அளவுக்குத் தேவிகுளம் குளிராது என்றாலும், தினசரி சாலைக்கு இது வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மிஞ்சியது நடுவழி: சிலிக்கா அதிகம் சேர்த்த, ஈரச் சாலையில் பெயர்பெற்ற, ட்ரெட்வேர் 300-ஐ ஒட்டிய கோடை ஸ்போர்ட்ஸ் டயர். சிலிக்கா சேர்ந்த ரப்பர், கரித்தூளை மட்டும் நம்பிய பழைய கலவையைவிடத் தாழ்ந்த வெப்பநிலையிலும் ஈரத்திலும் நெகிழ்வாக இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் மிஷ்லின் இதைக் கார் டயர்களில் கொண்டுவந்த பிறகு ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. ட்ரெட்வேர் எண்ணை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சோதனையின்படி தானே இட்டுக்கொள்கிறார் என்பதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். நான் பார்த்த டயர்களில் முன், பின் இரண்டு அளவுகளும் ஒரே மாடலில், அண்மை ஆண்டுத் தயாரிப்பில் கிடைத்தது மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4. முன்னால் சுமைக் குறியீடு 92, அதாவது ஒரு டயருக்கு 630 கிலோ. பின்னால் 94, அதாவது 670 கிலோ. ஏறத்தாழ 1,600 கிலோ வண்டிக்கு இது தாராளம். இரண்டு அளவுகளின் விட்டத்தையும் கணக்கிட்டால் 637.2, 635.7 மில்லிமீட்டர் என்று வரும். ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம்தான். சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு வழுக்கலைக் கண்டுபிடிக்கிற மின்னணு அமைப்புக்கு இந்த நெருக்கம் அவசியம். பின்னால் அகலத்தைக் கூட்டிப் போடலாமா என்று கேட்பவர்கள் இதை முதலில் கணக்கிட வேண்டும்.

ரன்-ஃப்ளாட்டை விடுவதா என்பதில்தான் நெடுநேரம் பேசினோம். காற்று முழுவதும் போன பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 80 கிலோமீட்டர் ஓட்டலாம் என்பது அதன் பலன். இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. தேவிகுளத்துக்கும் பூப்பாறைக்கும் இடையிலுள்ள கேப் ரோட்டில் மழைக்காலத்தில் பாறைத் துண்டுகள் விழுந்து கிடக்கும் என்பதையும் மறக்க முடியாது. ஆனால் அந்தப் பலனைத் தருகிற தடித்த பக்கச்சுவர், குளிரில் இன்னும் விறைத்து, ஒட்டுப்போட்ட சாலையில் சக்கரத்தைத் துள்ள வைக்கிறது. துள்ளுகிற நேரத்தில் டயர் தரையைத் தொடுவதில்லை; தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? குடும்பத்தோடு போகும்போது அண்ணன் ஜீப்பைத்தான் எடுக்கிறார் என்பதால் சாதாரண டயருக்கு ஒத்துக்கொண்டார். வண்டியில் 12 வோல்ட் கம்ப்ரஸர், பஞ்சர் திரி செட், அடைப்புத் திரவம், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவற்றை வைத்துக் கொடுத்தேன். ட்ரெட்டில் ஆணி ஏறினால் இவை போதும். பக்கச்சுவர் கிழிந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னேன்.

டயர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது தேதி. ஒரு விற்பனையாளர் அனுப்பிய பின் ஜோடியில் ஒன்று மற்றதைவிட மூன்று ஆண்டு பழையதாக இருந்தது. திருப்பி அனுப்பி, ஒரே காலத்துத் தயாரிப்பை வாங்கினேன். மாட்டும் வேலையை மதிய வெயிலில் வைத்துக்கொண்டேன். தாழ்ந்த பக்கச்சுவர் டயரைக் குளிரில் ரிம்மில் ஏற்றினால் ரிம்மைக் கவ்வுகிற ஓரமான பீட் விறைப்பாக இருந்து கிழியக்கூடும். ரன்-ஃப்ளாட்டுக்கான இந்த ரிம்களில் பீட் நழுவாமலிருக்க உள்ளே மேடு உயர்த்தப்பட்டிருக்கும்; அதைத் தாண்டிப் பழைய டயரைப் பிரிக்கத் துணைக்கை உள்ள டயர் சேஞ்சரும் நிறைய பேஸ்ட்டும் வேண்டும், பொறுமை அதைவிட வேண்டும். கடப்பாரையை வைத்து நெம்புகிற இடங்களில் இந்த ரிம்மைக் கொடுக்கவே கூடாது. அவுட்சைடு என்று எழுதிய பக்கம் வெளியே வருமாறு ஏற்றினேன். வால்வுகள் நான்கையும் புதிதாக மாற்றினேன். ஒட்டும் வெயிட்டுகளை உள்பக்கம் வைத்து பேலன்ஸ் செய்து, ஹப்பில் ஏறியிருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, போல்ட்டுகளை நட்சத்திர வரிசையில் 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். அடுத்த முறை அவர் இறங்கி வந்தபோது மறுபடியும் சரிபார்த்தேன்.

உள்பக்கத் தேய்மானத்துக்குக் காரணம் பின் இடது சக்கரத்தின் டோ அளவு, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம். இருக்கைகளில் எடை வைத்து, நிறுவனம் சொன்ன நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்து அதைச் சரிசெய்தேன். புது டயரை மாட்டிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் விடுவது அந்தப் பணத்தை ரோட்டில் தேய்ப்பதுதான்.

காற்றழுத்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; மலைக்கும் சமவெளிக்கும் நடுவே ஓட்டுகிற எல்லோருக்கும், எந்த வண்டியானாலும், இது பொருந்தும். போடி சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. தேவிகுளம், மூணாறு பகுதி 1,500 மீட்டருக்கு மேல். போடியில் 32 டிகிரியில் மீட்டரில் 36 பிஎஸ்ஐ அடித்த டயர், மேலே 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி நாலரை பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். அதே சமயம் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் 14.1 பிஎஸ்ஐயிலிருந்து 12.3-க்கு இறங்கிவிடுவதால், வெளியோடு ஒப்பிட்டுக் காட்டுகிற மீட்டர் அதில் ஏறக்குறைய இரண்டைத் திருப்பித் தந்துவிடும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் விடியற்காலையில் 33.5 காட்டும். நைட்ரஜன் அடித்தால் இந்தக் குறைவு வராது என்று பலர் நம்புகிறார்கள். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். வெப்பநிலைக்கு இரண்டும் ஒரே விதமாகத்தான் சுருங்கும். வண்டி இரவில் எங்கே நிற்கிறதோ அங்கே, கிளம்புவதற்கு முன், கதவுத் தூணில் உள்ள அட்டவணைப்படி அழுத்தத்தை வைக்க வேண்டும் என்பதே நான் சொல்கிற முறை. அண்ணன் இதுவரை போடியில் மதியம் பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடித்து வந்தார். விடியற்காலையில் அவருடைய டயர்கள் எப்போதும் அட்டவணைக்குக் கீழேதான் இருந்திருக்கின்றன. மேலே 36 வைத்தால் போடி வெயிலில் 39-ஐ ஒட்டிக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடக் கூடாது. தயாரிப்பாளர்கள் இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த நிலை அளவைக் கொடுக்கிறார்கள்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து ஒட்டி வந்த மெழுகுப் பூச்சு போகும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொன்னேன். பிறகு தை மாதத்தில் ஒரு விடியற்காலை மறுபடியும் தேவிகுளத்தில் மீட்டர் வைத்தேன். போடியில் 66 காட்டிய ட்ரெட், 6 டிகிரியில் 72 காட்டியது. பழைய டயர் வெயிலில் காட்டிய எண்ணைவிட, புது டயர் குளிரில் காட்டுகிற எண் குறைவு. அகச்சிவப்பு வெப்பமானியில் கிளம்பும்போது ட்ரெட் 7 டிகிரி. கேப் ரோட்டைத் தாண்டி நிறுத்திப் பார்த்தபோது 17. பூப்பாறை மேட்டில் மூடுபனியால் சாலை நனைந்திருந்தது. அண்ணன் வழக்கம்போல இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியேறினார்; வழுக்கலைக் காட்டுகிற அந்த மஞ்சள் விளக்கு மின்னவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தச் சொன்னேன். ஒரு முறை மின்னி அணைந்தது, பின்புறம் விலகவில்லை. வீட்டிலிருந்து கிளம்பிய முதல் சில கிலோமீட்டரில் இதே டயர் இன்னும் எளிதாக வழுக்குகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். எஞ்சின் ஆயில் சூடேறும்வரை ஆக்சிலரேட்டரைப் பொறுமையாக மிதிப்பவர்கள் டயருக்கும் அதே நேரத்தைக் கொடுக்க வேண்டும். டயர் ஆயிலைவிடத் தாமதமாகவே சூடேறும்.

எந்தக் கோடை டயரும் செய்யாத வேலைகளும் உண்டு. சாலையில் மெல்லிய பனிக்கட்டிப் படலம் இருந்தால் இதுவும் வழுக்கும். குளிர்காற்று தாழ்ந்த இடங்களில் போய்த் தேங்குவதால் தேயிலைப் பள்ளங்களை ஒட்டிய சாலையிலும், அடியிலும் காற்று படுகிற பாலங்களிலும் அது முதலில் உருவாகும். புல் வெளுத்திருக்கிற காலையில் வெயில் ஏறும்வரை காத்திருந்து கிளம்புங்கள் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். நிழலான வளைவுகளில் பாசி, யூகலிப்டஸ் சருகு, லாரிகள் சிந்திய டீசல் ஆகியவற்றுக்கும் ரப்பரின் மென்மையால் பெரிய உதவி கிடைக்காது.

முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால் இந்த வண்டியில் டயர்களை முன்பின் மாற்ற முடியாது; அதே அச்சில் இடது வலது மட்டும் மாற்றலாம். பின் டயர்கள்தான் முதலில் தேயும். ஆழம் 3 மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டால் சட்டம் அனுமதிக்கும் 1.6 வரை காத்திருக்காமல், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே பின் ஜோடியை மாற்றிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். முன் ஜோடியின் கடினத்தை அப்போது மறுபடியும் அளந்து பார்த்து முடிவு செய்வோம்.